கணக்குப்பிள்ளை வேலைல இருந்து கம்ப்யூட்டர் வந்த கதை

கம்ப்யூட்டர் வரலாறுன்னு சொன்னாலே நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண அந்த தலைமுறை லிஸ்ட்தான். முதல் தலைமுறை வால்வு, ரெண்டாவது டிரான்சிஸ்டர், மூணாவது ஐசி, நாலாவது மைக்ரோபிராசசர்னு வரிசையா எழுதினா முழு மார்க். அதுல தப்பு ஒன்னும் இல்ல, ஆனா எதை வெச்சு செஞ்சாங்கன்னு மட்டும்தான் அதுல இருக்கு, எதுக்காக இவ்ளோ பாடுபட்டு செஞ்சாங்கன்னு இல்ல. ஒவ்வொரு கட்டத்துலயும் கிட்டப் போய் பாத்தா ஒரே நிலைமைதான் திரும்பத் திரும்ப வருது, யாரோ ஒருத்தர் முன்னாடி முடிவே இல்லாத கணக்கு குவிஞ்சு கிடக்கு, அதுல மூளைக்கு வேலையே இல்ல, ஆனா ஒரு இடத்துல தப்பினா எல்லாம் போச்சு. வரிக் கணக்கு, கிரகணக் கணக்கு, ஜனத்தொகைக் கணக்கு, பீரங்கிக் கணக்கு, சம்பளக் கணக்கு. கணக்குப்பிள்ளை வேலைன்னு நாம சாதாரணமா சொல்லிட்டுப் போறோமே, அந்த வேலைதான் கம்ப்யூட்டரை இழுத்துட்டு வந்துச்சுங்கறது என் கருத்து.

மணிச்சட்டத்துல இருந்து ஆரம்பிக்கறதுதான் வழக்கம், ஆனா அங்க ரொம்ப நேரம் நிக்க வேண்டாம்னு நினைக்கறேன். சீனாவுலயும் ஜப்பான்லயும் அதை வெச்சு மின்னல் வேகத்துல கணக்கு போட்டாங்க, இன்னைக்கும் நம்ம ஊர்ல பிள்ளைங்களுக்கு அபாகஸ் கிளாஸ் நடக்குது. ஆனா அது நம்பரை ஞாபகம் வெச்சுக்குமே தவிர தானா எதையும் செய்யாது. எட்டும் அஞ்சும் பதிமூணு, மூணைப் போட்டு கையில ஒன்னுன்னு சொல்றோம்ல, அந்த "கையில ஒன்னு"ங்கறத மனுஷன்தான் அடுத்த கம்பிக்கு கொண்டு போகணும். கிரேக்கத் தீவு ஆன்டிகித்தெரா பக்கத்துல மூழ்கின கப்பல்ல இருந்து 1901-ல எடுத்தாங்களே, குறைஞ்சது 30 வெண்கலப் பல்சக்கரம் உள்ள மெஷின், அது கிரகணம் வரைக்கும் காட்டியிருக்கு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அப்படி ஒன்ன செஞ்சவங்களை நினைச்சா மலைப்பாத்தான் இருக்கு. ஆனா வானத்தோட ஓட்டத்தைக் காட்ட மட்டும் செஞ்ச மெஷின் அது, நம்ம கையில இருக்கற கணக்கைப் போட்டுத் தராது.

இந்தக் "கையில ஒன்னு" விஷயம் கேக்க அல்பமா இருக்கும், ஆனா 300 வருஷம் மெஷின் செஞ்சவங்க தலைய உடைச்சுக்கிட்டது இதோடதான். 1623-ல ஜெர்மனியில வில்ஹெல்ம் ஷிக்கார்ட்னு ஒருத்தர் கூட்டல் மெஷின் ஒன்னு செஞ்சதா வானியல் அறிஞர் கெப்ளருக்கு லெட்டர் எழுதியிருக்கார். கெப்ளருக்காக செஞ்சுட்டு இருந்தது பாதியிலேயே தீ விபத்துல எரிஞ்சு போச்சு. அதுல ஒரு சக்கரம் முழுசா சுத்தினதும் ஒரு பல்லு அடுத்த சக்கரத்த தள்ளிவிடும். சரி, 999999 கூட 1 கூட்டினா என்ன ஆகும்? ஆறு சக்கரமும் ஒரே நேரத்துல நகரணும், அத்தனைக்கும் விசை அந்த முதல் சக்கரத்துல இருந்துதான் வரணும், மெலிசான பல்லு அந்த பாரத்த தாங்காது.

இதுக்கு அழகா ஒரு வழி கண்டுபிடிச்சது பிளேஸ் பாஸ்கல், 1642-ல, அப்போ அவருக்கு வயசு 19 தான். அவங்க அப்பா பிரான்ஸ்ல ரூவான் நகரத்துல வரி வசூல் அதிகாரி, ராத்திரி பகலா வரிக் கணக்கு கூட்டிக்கிட்டே இருந்தார். அந்தக் காலத்து பிரெஞ்சுக் காசு வேற, 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லிவர், நம்ம தாத்தா பாட்டி காலத்துல 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபான்னு கூட்டுன மாதிரி, பத்துப் பத்தா தாவாது. அப்பாவோட கஷ்டத்த பாத்துட்டுத்தான் பையன் மெஷின் செய்ய உக்காந்தான், அதனால காசுக் கணக்குக்குன்னு செஞ்ச மெஷின்கள்ல ஒரு சக்கரத்துக்கு 12 இலக்கமும் இன்னொன்னுக்கு 20 இலக்கமும் இருக்கும். அவர் செஞ்ச தந்திரம் என்னன்னா ஒரு சக்கரம் சைபர்ல இருந்து ஒன்பது நோக்கித் திரும்பும்போதே பக்கத்துல ஒரு சின்ன எடையை கொஞ்சம் கொஞ்சமா தூக்கிக்கிட்டே போகும், ஒன்பதைத் தாண்டி சைபருக்கு வந்ததும் அந்த எடை டக்குனு கீழ விழும், விழற வேகத்துல அடுத்த சக்கரத்த ஒரு இலக்கம் தள்ளிடும். அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனக்கு வேண்டிய விசையை முன்கூட்டியே சேத்து வெச்சுக்குது, எத்தனை 9 வரிசையா இருந்தாலும் ஒன்னு விழுந்து அடுத்தது விழுந்து கடைசி வரைக்கும் போய்டும்.

இதுல ஒரு சிக்கல், சக்கரத்த பின்னாடி திருப்ப முடியாது. அப்போ கழித்தல் எப்படி? ஒவ்வொரு இலக்கத்தையும் ஒன்பதுல இருந்து கழிச்சா என்ன வருமோ அந்த எண்ணை வெச்சுக்கிட்டு கூட்டலாவே முடிச்சுட்டார். இன்னைக்கு நம்ம போன்ல இருக்கற சிப்பும் கழித்தலை இப்படித்தான் செய்யுது, என்ன, பத்துக்குப் பதில் ரெண்டை அடிப்படையா வெச்சு செய்யுது. 19 வயசுப் பையன் அப்பாவுக்காக யோசிச்ச ஒரு வழி இன்னும் ஓடிக்கிட்டு இருக்குங்கறது எனக்கு எப்பவுமே பெரிய சந்தோஷம் தர்ற விஷயம்.

பெருக்கல் வகுத்தலுக்கு ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸ் ஒரு படிப்படியான பல் வெச்ச உருளை செஞ்சு 1673-ல லண்டன் ராயல் சொசைட்டில காட்டினார், அது சரியா வேலை செய்யல, ஆனா அந்த உருளைய எடுத்து பிரான்ஸ்ல தோமா த கோல்மார் 1820-ல பேடன்ட் வாங்கினார், 1850-கள்ல இருந்து அது கடைகள்ல விக்கற சரக்காவே ஆயிடுச்சு. இன்சூரன்ஸ் கம்பெனிங்க வாங்கினாங்க.

ஆனா கூட்டல் பெருக்கல் மெஷின் வந்தா மட்டும் போதாது, எதுக்கப்புறம் எதைச் செய்யணும்னு யார் சொல்றது? 1825-ல பாண்டிச்சேரில ஒரு தமிழ் பஞ்சாங்கக்காரர் ஜான் வாரன்ங்கற வெள்ளைக்காரருக்கு கிரகணம் கணிச்சுக் காட்டினார். பேப்பர் இல்ல, பென்சில் இல்ல, தரையில சோழி அடுக்கி, வாக்கியங்களா மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த அட்டவணைய மனசுலயே ஓட்டி, அந்த வருஷம் மே 31 ராத்திரி வந்த சந்திர கிரகணத்தோட நேரத்தச் சொன்னார். ஆரம்பிக்கற நேரத்துல நாலே நிமிஷம்தான் வித்தியாசம், முடியற நேரத்துல தப்பு அதைவிட அதிகம். வாரன் குறிச்சு வெச்சதுல முக்கியமான விஷயம் என்னன்னா அந்த மனுஷருக்கு அந்தக் கணக்குக்குப் பின்னாடி இருக்கற வானியல் தெரியல, அத தெரிஞ்சுக்கணும்ங்கற அவசியமும் இல்ல. படியெல்லாம் யாரோ எப்பவோ தெளிவா கட்டி வெச்சுட்டாங்க, அதை வரிசை மாறாம செஞ்சா விடை வந்துடும். கம்ப்யூட்டர் புரோகிராம்னா என்னன்னு யாராவது கேட்டா எனக்கு முதல்ல இந்த ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார்.

இதையே தொழிற்சாலை மாதிரி செஞ்சது பிரான்ஸ். 1790-கள்ல காஸ்பார் த ப்ரோனி, பெருக்கலைக் கூட்டலா மாத்தித் தர்ற பெரிய லாக் அட்டவணைகள் போடற வேலைய எடுத்தார். மேல ஒரு சில கணித மேதைகள் சூத்திரம் முடிவு பண்ணுவாங்க, நடுவுல சில பேர் அதைச் சின்னச் சின்னப் படிகளா பிரிப்பாங்க, கீழ நிறைய பேருக்கு வெறும் கூட்டலும் கழித்தலும் மட்டும். லாக் டேபிள் எவ்ளோ முக்கியம்னு நம்ம ஊர்ல கிளார்க்ஸ் டேபிள் வெச்சு பரீட்சை எழுதினவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அன்னைக்கு கப்பல் ஓட்டறவங்க உயிரே அந்த நம்பர்கள் மேலதான் இருந்துச்சு, ஆனா அச்சடிச்ச டேபிள்ல தப்பு நிறைய. கணக்குல தப்பு, எழுத்துக் கோக்கறதுல தப்பு, சரிபாக்கறப்போ இன்னும் தப்பு.

1821-ல லண்டன்ல கணித அறிஞர் சார்லஸ் பாபேஜும் அவர் நண்பர் ஜான் ஹெர்ஷலும் இப்படிப்பட்ட வானியல் டேபிளை சரிபாத்துட்டு இருக்கும்போதுதான், வெறுத்துப்போய், இதெல்லாம் நீராவில ஓடினா எவ்ளோ நல்லா இருக்கும்னு பாபேஜ் சொன்னார். ப்ரோனியோட கீழ்த்தட்டு ஆளுங்க செஞ்சது வெறும் கூட்டல்தானே, அதை மெஷினே செய்யட்டும், அச்சும் அதுவே அடிக்கட்டும், நடுவுல மனுஷன் கையே படக்கூடாது. பிரிட்டிஷ் அரசு 17,000 பவுண்டுக்கு மேல செலவழிச்சுது, மெஷின் முடியல, பாபேஜுக்கும் அதைச் செஞ்சு கொடுத்த ஜோசப் கிளமென்ட்டுக்கும் பணத் தகராறு, 1842-ல அரசு கைவிட்டுடுச்சு. அந்தக் காலத்து பட்டறையில அவ்ளோ துல்லியமா செய்ய முடியாதுன்னு ரொம்ப நாள் எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. லண்டன் சயின்ஸ் மியூசியம் அவரோட ரெண்டாவது டிசைனை எடுத்து, அந்தக் காலத்துல முடிஞ்ச துல்லியத்துக்குள்ளேயே, 1991-ல செஞ்சு காட்டினாங்க, ஓடுது. அதோட பின்பக்கம் "கையில ஒன்னு" கொண்டு போற கைகள் சுருள் படிக்கட்டு வரிசையில அடுக்கியிருக்கும், ஹேண்டில் சுத்தும்போது கீழ இருந்து மேல வரைக்கும் ஒவ்வொன்னா நெளிஞ்சு போகும், வீடியோ கிடைச்சா கட்டாயம் பாருங்க.

அந்த மெஷின் நின்னு போனதுக்கு நடுவுல பாபேஜ் அதைவிடப் பெரிய ஒன்னை யோசிச்சுட்டார். நம்பரை வெச்சுக்க ஒரு இடம் தனி, கணக்கு போட ஒரு இடம் தனி, என்ன செய்யணும்னு சொல்ல ஓட்டை போட்ட அட்டை. அந்த அட்டை பிரான்ஸ்ல ஜக்கார்டு தறியில பட்டுல டிசைன் போட வெச்சிருந்தது, காஞ்சிபுரத்துல தறி பாத்தவங்களுக்கு அந்த அட்டை மாலை மேல தொங்கறது நல்லா தெரியும். வந்த விடைய பொறுத்து அடுத்து எந்தப் பக்கம் போகணும்னு மெஷினே முடிவு பண்ற வசதியும் டிசைன்ல இருந்துச்சு. 1843-ல அடா லவ்லேஸ் இந்த மெஷின் பத்தின ஒரு பிரெஞ்சுக் கட்டுரைய மொழிபெயர்த்து, அதைவிட நீளமா குறிப்பும் எழுதினாங்க, பெர்னூலி எண்கள்ங்கற ஒரு கணித வரிசைய மெஷின் எப்படி படிப்படியா போடும்னு அட்டவணையே போட்டாங்க. இன்னொன்னும் எழுதினாங்க, விதிக்குக் கட்டுப்பட்ட எதையும், சங்கீதத்தைக்கூட, இந்த மெஷின் கையாளலாம்னு. பாபேஜே அவ்ளோ தூரம் போகல. மெஷின் பேப்பர்லயே நின்னுடுச்சு.

அதுக்கப்புறம் அட்டை திரும்ப வந்தது அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கெடுப்புல. 1880 சென்சஸை எண்ணி முடிக்கவே ஏழெட்டு வருஷம் ஆச்சு, அடுத்ததுக்கு அதைவிட அதிகமா ஆனா அடுத்த சென்சஸே வந்துடும்னு பயம். ஹெர்மன் ஹாலரித் ஒரு ஆளுக்கு ஒரு அட்டைன்னு வெச்சார், வயசு என்ன, பொறந்தது எங்க, கல்யாணம் ஆச்சான்னு ஒவ்வொன்னுக்கும் ஒரு இடத்துல ஓட்டை. வேலை செய்யறவங்க அட்டைய வெச்சு கைப்பிடிய அழுத்தினா வரிசையா ஊசிகள் இறங்கும், ஓட்டை இருக்கற இடத்துல ஊசி உள்ள போய் கீழ இருக்கற பாதரசக் கிண்ணத்த தொடும், கரென்ட் பாயும், சுவத்துல இருக்கற டயல்ல முள்ளு ஒன்னு நகரும், கூடவே பக்கத்துல அடுக்குப் பெட்டியில சரியான ஒரு மூடி மட்டும் திறந்துக்கும், அட்டைய அதுல போட்டுட்டு அடுத்தத எடுக்க வேண்டியதுதான். 1890-ல 6,26,22,250 பேர்னு கணக்கு வந்துச்சு. ஹாலரித்தோட கம்பெனி வேற கம்பெனிகளோட சேந்து, 1924-ல ஐபிஎம்னு பேர் மாறுச்சு. அதாவது பின்னாடி உலகத்தோட பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியா ஆனது, கம்ப்யூட்டர்ங்கற மெஷினே இல்லாதப்போ அட்டை எண்ணியே பெருசாயிடுச்சு.

1930-கள்ல சக்கரத்துக்குப் பதில் சுவிட்ச் வந்துச்சு. 1937-ல கிளாட் ஷானன் தன்னோட முதுகலை ஆய்வுல, ஜார்ஜ் பூல் 1854-ல எழுதின தர்க்க இயற்கணிதமும், ரிலேங்கற கரென்ட்டுல இயங்கற சுவிட்ச் வெச்ச சர்க்யூட்டும் ஒன்னேதான்னு காட்டினார், மாஸ்டர்ஸ் படிப்புல இதைவிடப் பெரிய வேலை யாரும் பண்ணல்லன்னு நான் தைரியமா சொல்வேன். அதே வருஷம் பெல் லேப்ஸ்ல வேலை பாத்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், வீட்டு சமையலறை மேஜையில உக்காந்து ரெண்டு ரிலே, பேட்டரி, டார்ச் பல்பு, புகையிலை டப்பாவுல வெட்டின தகரத் துண்டு இதெல்லாம் வெச்சு ரெண்டு பைனரி இலக்கத்த, அதாவது சைபர் இல்லன்னா ஒன்னு மட்டும் வர்ற இலக்கத்த, கூட்டற சர்க்யூட் செஞ்சார். ரெண்டு பல்பு. ஒன்னு கூட்டுத் தொகை, இன்னொன்னு "கையில ஒன்னு". பாஸ்கல் எடை கட்டித் தொங்கவிட்ட, பாபேஜ் வருஷக்கணக்கா வரைஞ்ச விஷயம் ஒரு பல்பு எரியறதா முடிஞ்சு போச்சு. பெர்லின்ல கோன்ராட் சூசா யாரோட தொடர்பும் இல்லாம தனியா இதே வழில போய் 1941-ல இசட்3ன்னு ஒரு முழு தானியங்கி மெஷினே ஓட்டிக் காட்டினார், பேப்பர் டேப்புக்குப் பதில் பழைய சினிமா பிலிம்ல ஓட்டை போட்டார், அது போர்ல குண்டு விழுந்து அழிஞ்சுது.

போர் எல்லாத்தையும் வேகப்படுத்துச்சு, ஏன்னா கணக்கு லேட் ஆனா ஆள் சாவாங்க. இங்கிலாந்துல பிளெட்ச்லி பார்க்ல ஜெர்மன் லாரன்ஸ் சங்கேதத்த உடைக்க, டாமி பிளவர்ஸ்ங்கற தபால் துறை என்ஜினியர் 1,500-க்கு மேல வால்வு, அதாவது பல்பு மாதிரி கண்ணாடிக் குழாயில செஞ்ச எலக்ட்ரானிக் சுவிட்ச், வெச்சு கொலோசஸ்ங்கற மெஷின் செஞ்சார், 1944 ஆரம்பத்துல அது வேலை செய்ய ஆரம்பிச்சுது. அவ்ளோ வால்வு வெச்சா நிமிஷத்துக்கு ஒன்னு போகும்னு மத்தவங்க நம்பல. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அனுபவத்துல அவருக்கு ஒன்னு தெரியும், வால்வு போறது பெரும்பாலும் ஆன் ஆப் பண்ணும்போதுதான், அணைக்காமலே விட்டா நிலையா ஓடும். போர் முடிஞ்சதும் ரகசியம்னு சொல்லி வரைபடத்த அவரையே எரிக்கச் சொன்னாங்க. 1970-கள் வரைக்கும் வெளிய யாருக்கும் தெரியாது, அந்த மனுஷருக்கு கிடைக்க வேண்டிய பேர் ரொம்ப லேட்டாத்தான் கிடைச்சுது.

அமெரிக்காவுல பிலடெல்பியாவுல எனியாக்ங்கற மெஷின். பீரங்கிக்கு என்ன கோணத்துல சுட்டா குண்டு எங்க விழும்னு டேபிள் போடணும், ஒரு குண்டோட பாதைய டெஸ்க் கால்குலேட்டர் வெச்சு ஒரு ஆள் போட்டா 20 மணி நேரத்துக்கு மேல ஆகும், ஒரு பீரங்கிக்கு ஆயிரக்கணக்கான பாதை. இந்த வேலைக்கு கணிதம் படிச்ச பெண்களை நிறைய எடுத்தாங்க. ஜான் மாக்லியும் பிரெஸ்பர் எக்கர்ட்டும் சுமார் 18,000 வால்வு வெச்சு 30 டன்ல மெஷின் செஞ்சாங்க, செகண்டுக்கு 5,000 கூட்டல், ஒரு பாதைக்கு அரை நிமிஷம். ஆனா அதுக்கு புரோகிராம் போடறதுன்னா நூத்துக்கணக்கான ஒயரை மாத்தி மாத்தி சொருகி, சுவிட்ச் திருப்பி வெக்கறது. அதைச் செஞ்சது அந்தக் கணக்குப் பெண்கள்ல இருந்து எடுத்த ஆறு பேர், கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். பாதுகாப்பு அனுமதி வராததால முதல்ல மெஷின் இருக்கற ரூமுக்குள்ளயே விடல, வெறும் சர்க்யூட் படத்த பாத்தே கத்துக்கிட்டாங்க. 1946 பிப்ரவரில உலகத்துக்கு காட்டின அன்னைக்கு ஓடின கணக்கு அவங்க போட்டது, ஆனா அன்னைக்கு யாரும் அவங்க பேரைச் சொல்லல, அந்த விருந்துக்கும் கூப்பிடல. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு கோவம் வரும்.

அரை நிமிஷக் கணக்குக்கு நாள்கணக்குல ஒயர் சொருகறது யாருக்குமே ஒத்துவராதுன்னு எனியாக் செஞ்சவங்களுக்கே தெரிஞ்சுது. வழி என்னன்னா கட்டளையையும் நம்பராவே மாத்தி, நம்பர் இருக்கற அதே மெமரில வெச்சுடறது. எக்கர்ட், மாக்லி குழுவுல பேசினதை கணித மேதை ஜான் வான் நாய்மன் 1945-ல ஒரு வரைவா எழுத அது ஊரெல்லாம் பரவுச்சு, பேரும் அவருக்கே போயிடுச்சு. முதல்ல நடத்திக் காட்டினது மான்செஸ்டர், 1948 ஜூன் 21, "பேபி"ன்னு கூப்பிட்ட மெஷின், மெமரி மொத்தமே 32 வரி, அதுவும் டிவி டியூப் மாதிரியான ஒன்னுல புள்ளியா மினுங்கும். டாம் கில்பர்ன் எழுதின 17 கட்டளை 52 நிமிஷம் ஓடி சரியான விடை கொடுத்துச்சு. என்னைக் கேட்டா மொத்த வரலாறுலயும் முக்கியமான நாள் இதுதான். வேலைய மாத்தணும்னா மெஷினைத் தொட வேண்டாம், மெமரில இருக்கறத மாத்தினா போதும். ஒரே டப்பா காலைல சம்பளக் கணக்கு, சாயங்காலம் கேம்னு ஆகறதுக்கு இதுதான் அஸ்திவாரம்.

ஆபீஸ் வேலைக்கு முதல்ல கம்ப்யூட்டர் செஞ்சது யாருன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க, லண்டன்ல டீக்கடைகளும் பேக்கரியும் நடத்தின லயன்ஸ் கம்பெனி. கேக்கும் டீயும் விக்கறதுல ஒவ்வொன்னுலயும் லாபம் துளித்துளிதான், அதைக் கணக்கு பாக்கவே கிளார்க் பட்டாளம் வேண்டியிருந்துச்சு. கேம்பிரிட்ஜ்ல 1949-ல மாரிஸ் வில்க்ஸ் ஓட்டின எட்சாக் மெஷினுக்கு பண உதவி பண்ணி, அந்த டிசைனை வாங்கி, சொந்தமா லியோன்னு ஒன்ன கட்டி 1951-ல பேக்கரிக் கணக்க அதுல ஓட்டினாங்க. கிளார்க் ஒரு ஆளோட சம்பளம் போட எட்டு நிமிஷம் எடுத்தா லியோவுக்கு ஒன்றரை செகண்ட். அப்புறம் டீக்கடை மேனேஜர் அம்மாக்கள் தினமும் போன்ல நாளைக்கு எத்தனை பன் வேணும்னு சொல்ல, அட்டையில பஞ்ச் பண்ணி, லியோ ராத்திரிக்குள்ள எந்த வண்டில என்ன ஏத்தணும்னு லிஸ்ட் போட்டுடும். 

இதுக்கப்புறம் வர்ற பத்து பதினைஞ்சு வருஷம் பாடப்புத்தகத்துலயே நல்லா இருக்கு. 1947 டிசம்பர்ல டிரான்சிஸ்டர், 1958-59-ல கில்பியும் நாய்ஸும் தனித்தனியா ஐசி, 1964-ல ஐபிஎம் சிஸ்டம்/360, ஒரு மாடல்ல எழுதின புரோகிராம் பெரிய மாடல்லயும் அப்படியே ஓடும். நம்ம சென்னை ஐஐடிக்கு 1973-ல ஜெர்மன் உதவியில ஐபிஎம் 370/155 வந்துச்சு. இந்த மெஷின்கள்ல புரோகிராம் எழுதறவங்க மெஷினைத் தொடவே முடியாது, அட்டைக் கட்ட கவுன்ட்டர்ல கொடுத்துட்டு வந்து பிரின்ட் அவுட்டுக்காக காத்துக் கிடக்கணும், ஒரு கமா விட்டுப்போனா மறுபடி முதல்ல இருந்து.

மெஷின் தனி ஆள் கைக்கு வந்தது இந்தப் பெரிய கம்ப்யூட்டர் சின்னதானதால இல்லங்கறதுதான் நிறைய பேர் கவனிக்காத இடம். அது வந்தது கால்குலேட்டர் பக்கத்துல இருந்து. 1969-ல பிசிகாம்ங்கற ஜப்பான் கால்குலேட்டர் கம்பெனி, அப்போதான் ஆரம்பிச்சிருந்த இன்டெல் கிட்ட 12 சிப் செட் ஒன்னு செஞ்சு கேட்டாங்க. இன்டெல்ல வேலை பாத்த டெட் ஹாஃப், அவ்ளோ சிப் எதுக்கு, ஒரு சின்ன பொதுவான கம்ப்யூட்டரை ஒரே சிப்புல வெச்சு கால்குலேட்டர் வேலைய புரோகிராமா எழுதிடலாம்னார். யோசனை வந்துச்சு, வேலை நடக்கல. 1970 ஏப்ரல்ல ஃபெடரிகோ ஃபேஜின் இன்டெல்ல வேலைக்குச் சேர்ந்த சில நாள்லயே பிசிகாம்ல இருந்து மசதோஷி ஷிமா டிசைனை சரிபாக்க வந்து நிக்கறார், சரிபாக்க ஒன்னுமே இல்ல. ஷிமாவுக்கு வந்த கோவம் நியாயமானது. அப்புறம் அவரே ஆறு மாசம் அங்கேயே உக்காந்து உதவி பண்ணார். டிசம்பர் கடைசில வந்த முதல் சிப் ஒன்னுகூட வேலை செய்யல, பாத்தா தயாரிப்புல ஒரு அடுக்கையே விட்டுட்டாங்க. அடுத்த மாசம் வந்தது வேலை செஞ்சுது. 4004, உள்ள 2,300 டிரான்சிஸ்டர், மூலையில ஃபேஜின் தன்னோட இனிஷியலை பொறிச்சிருப்பார். பிசிகாமுக்கு விலை குறைப்பு தேவைப்பட்டுச்சு, இன்டெல் 60,000 டாலரை திருப்பிக் கொடுத்து அந்தச் சிப்பை மத்தவங்களுக்கும் விக்கற உரிமைய வாங்கிக்கிச்சு, 1971 நவம்பர்ல கடைக்கு வந்துச்சு.

அப்போ கால்குலேட்டர் மார்க்கெட்ல பயங்கர விலைப் போட்டி. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் விலைய அடிச்சு அடிச்சு இறக்கவும் சின்ன கம்பெனிகள் வரிசையா படுத்துச்சு. அதுல ஒன்னு அல்புகர்க்கில எட் ராபர்ட்ஸ் நடத்தின மிட்ஸ், கடன்ல மூழ்கிட்டு இருந்தார். கடைசி முயற்சியா இன்டெல் 8080 சிப்பை, தனியா வாங்கினா 360 டாலர், மொத்தமா வாங்கறேன்னு 75 டாலருக்குப் பேசி, ஆல்டேர் 8800ங்கற கம்ப்யூட்டரை, வாங்கினவங்களே பாகங்களை சேத்துக்கற "கிட்"டா, 400 டாலருக்குள்ள வித்தார். 1975 ஜனவரில ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை அட்டையில வந்துச்சு. கீபோர்டு இல்ல, ஸ்கிரீன் இல்ல, மெமரி 256 பைட், முன்னாடி சுவிட்ச தட்டித் தட்டி ஒவ்வொரு பைட்டா ஏத்தணும். சில நூறு போகும்னு நினைச்சவருக்கு ஆயிரக்கணக்குல ஆர்டர் வந்துச்சு. தனக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் வேணும்ங்கற ஏக்கம் எவ்ளோ பேருக்கு இருந்திருக்குன்னு அப்போதான் தெரிஞ்சுது. பில் கேட்ஸும் பால் ஆலனும் அதுக்கு பேசிக்ங்கற புரோகிராம் மொழி எழுதிக் கொடுத்ததுலதான் மைக்ரோசாஃப்ட் பிறந்துச்சு.

மத்தவங்களையும் பாருங்க, ஆப்பிள் செஞ்ச ஸ்டீவ் வாஸ்னியாக் ஹெச்பில கால்குலேட்டர் டிசைன் பண்ணிட்டு இருந்தவர், ஆப்பிள் 1-க்கு பணம் புரட்ட அவர் வித்தது தன்னோட ஹெச்பி கால்குலேட்டரை. 1977-ல பெட் கம்ப்யூட்டர் கொண்டு வந்த கொமோடோரும் அதே விலைப் போட்டில அடி வாங்கின கால்குலேட்டர் கம்பெனி, இனி சிப்புக்கு யார் கையையும் எதிர்பாக்கக் கூடாதுன்னு 25 டாலருக்கு 6502 சிப் வித்துட்டு இருந்த மாஸ் டெக்னாலஜியையே வாங்கிட்டாங்க. ஆப்பிள் உள்ளயும் அதே 6502 தான்.

வாங்கினவங்க அதை வெச்சு என்ன செஞ்சாங்க? கேம் விளையாடினாங்க, பேசிக் கத்துக்கிட்டாங்க. வியாபாரிகள் வாங்க ஆரம்பிச்சது 1979-ல, டேன் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் விசிகால்க்ங்கற கட்டம் கட்டமா கணக்கு போடற சாஃப்ட்வேரை கொண்டு வந்தப்புறம். பிரிக்ளின் ஹார்வர்டுல பிசினஸ் படிச்சுட்டு இருந்தார், போர்டுல ஒரு நம்பரை மாத்தினா அதைத் தொட்ட எல்லா கட்டத்தையும் அழிச்சு திரும்ப எழுத வேண்டியிருந்ததைப் பாத்து வந்த யோசனை. பட்ஜெட் போடற கணக்காளருக்கு இது எவ்ளோ பெரிய விடுதலைன்னு, பேரேட்டுல ஒரு பக்கத்த அடிச்சு திரும்ப கூட்டினவங்களுக்குத்தான் தெரியும். நூறு டாலர் சாஃப்ட்வேருக்காக ரெண்டாயிரம் டாலர் ஆப்பிள் வாங்கினாங்க.

1981 ஆகஸ்ட் 12-ல ஐபிஎம் தன் பிசிய 1,565 டாலர்ல இருந்து விக்க ஆரம்பிச்சுது. அவசரத்துல செஞ்சதால பெரும்பாலான பாகமும் வெளிய வாங்கினது, இன்டெல் 8088 சிப், மெஷினை நடத்தற மைக்ரோசாஃப்ட் டாஸ், சர்க்யூட் படமும், ஆன் பண்ணதும் முதல்ல ஓடற பயாஸ் கோடும் கூட கையேட்டுல அச்சடிச்சுக் கொடுத்தாங்க. பயாஸ் மட்டும்தான் காப்பிரைட். காம்பேக் கம்பெனி ஒரு குழுவ அந்தக் கோடை படிச்சு அது என்ன செய்யுதுன்னு மட்டும் எழுத வெச்சு, அதைப் பாக்காத இன்னொரு குழுவ புதுசா எழுத வெச்சு சட்டப்படி தப்பிச்சுது. அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் பிசி செய்யலாம்னு ஆயிடுச்சு.

இந்தியாவுல 1984 நவம்பர்ல புது கம்ப்யூட்டர் கொள்கை வந்து இறக்குமதி கொஞ்சம் சுலபமாச்சு. 1986-ல பெங்களூர்ல ஷியாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரக் கணக்குக்கு சரியான சாஃப்ட்வேர் கிடைக்காம, கணிதம் படிச்ச மகன் பரத்தை எழுதச் சொல்ல, அதுதான் பின்னாடி டேலி ஆச்சு. பாஸ்கல் வீட்டுல நடந்ததேதான் இங்கயும் நடந்திருக்கு, அப்பாவுக்கு கணக்கு, பையனுக்கு மெஷின். நம்ம ஊர்ல பிகாம் படிச்ச எத்தனையோ பேருக்கு கம்ப்யூட்டரோட முதல் அறிமுகமே டேலி கிளாஸ்தான்.

கம்பெனி பிராண்ட் சிஸ்டம் வாங்க வசதி இல்லாதவங்களுக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் இருந்துச்சு. மதர்போர்டு ஒரு கடை, ராம் ஒரு கடை, ஹார்டு டிஸ்க் இன்னொரு கடை, கேபினட்ல வெச்சு ஸ்க்ரூ முடுக்கி டாஸ் ஏத்திக் கொடுத்துடுவாங்க. ஐபிஎம் அவசரத்துல வெளிச்சந்தைல பாகம் வாங்கினதும் காம்பேக் பயாஸை தனியா எழுதினதும் நடக்கலைன்னா இந்த அசெம்பிள்டு சிஸ்டமே வந்திருக்காது. மளிகைக் கடை, மருந்துக் கடை, ஆடிட்டர் ஆபீஸ்னு தமிழ்நாட்டு டவுன்கள்ல கம்ப்யூட்டர் நுழைஞ்சது பெரும்பாலும் அப்படி முடுக்கின பெட்டிகள்லதான், அதுல முதல்ல ஏத்தினதும் கணக்குதான்.